டா போட்டு வரவேற்கும் நாடு

வேல்ஸ் நாட்டில் ஓர் அரசு அலுவலகத்துக்குள் காலை ஒன்பது மணிக்கு முதல்முறையாக நுழையும் தமிழருக்குக் கொஞ்சம் திடுக்கென்றுதான் இருக்கும். வரவேற்பு மேசைக்குப் பின்னால் இருப்பவர் முன்பின் பார்த்திராத ஆள். சிரித்த முகத்தோடு நிமிர்ந்து, "பொரெ டா" என்கிறார். மதியம் போனால் "ப்ரின்ஹவுன் டா". இரவு விடுதியில் சாவியை வாங்கிக்கொண்டு படியேறினால் முதுகுக்குப் பின்னாலிருந்து "நோஸ் டா". பழகி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் டா போட்டுப் பேசுகிறார்களே!

கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை. வெல்ஷ் மொழியில் "டா" என்றால் "நல்ல". "பொரெ" என்பது காலை, "நோஸ்" என்பது இரவு. அடைமொழி பெயர்ச்சொல்லுக்குப் பின்னால் வரும் மொழி அது. கோப்பையைத் தூக்கிப் பிடித்து "யெஹிட் டா" என்றால் "நல்ல உடல்நலம்" என்ற வாழ்த்து. ஆக, அங்கே டா போடுவதுதான் மரியாதை.

ஆச்சரியம் அதுவல்ல. அந்த மேசைக்குப் பின்னால் இருப்பவருக்கு இரண்டாவது வாக்கியம் தெரியாமல் இருக்க நிறைய வாய்ப்புண்டு. வேல்ஸின் மக்கள்தொகை சுமார் 31 லட்சம். 2021 கணக்கெடுப்பில் மூன்று வயதுக்கு மேற்பட்டவர்களில் வெல்ஷ் பேசத் தெரியும் என்று சொன்னவர்கள் ஏறத்தாழ 5,38,000 பேர், அதாவது 17.8 சதவீதம். ஆறு பேரில் ஐந்து பேருக்கு அந்த மொழி வராது. அந்த ஆறாவது ஆளுக்கும் பெரும்பாலும் ஆங்கிலம் சரளமாக வரும். பிறகு யாருக்காக இந்த "பொரெ டா"?

அலுவலகங்களைக் கேட்டால் முதலில் சட்டத்தைக் காட்டுவார்கள். 2011இல் வேல்ஸின் சட்டமன்றம் இயற்றிய சட்டம் வெல்ஷுக்கு அதிகாரபூர்வ தகுதி தந்தது. அதைக் கண்காணிக்க மொழி ஆணையர் ஒருவரையும் அமர்த்தியது. அதன் கீழ் வந்த விதிகள் 2016 மார்ச் 30 முதல் 26 அமைப்புகளுக்கு நடைமுறைக்கு வந்தன: 22 உள்ளாட்சி மன்றங்கள், மூன்று தேசியப் பூங்கா ஆணையங்கள், மிச்சமிருந்த ஒன்று வேல்ஸ் அரசு. பிறகு மற்ற பொது நிறுவனங்களும் ஒவ்வொன்றாக உள்ளே வந்தன. விதிகளைப் படித்தால், எவ்வளவு சின்ன விஷயங்களைக்கூட விட்டுவைக்கவில்லை என்பது தெரியும். முதன்மைத் தொலைபேசி எண்ணுக்கு அழைப்பு வந்தால், எடுப்பவர் வெல்ஷில் வணக்கம் சொல்ல வேண்டும். வரவேற்பு மேசையில் "இங்கே வெல்ஷில் பேசலாம்" என்று தெரிவிக்கும் பலகை இருக்க வேண்டும். இருமொழி அறிவிப்பில் கண் முதலில் விழும் இடத்தில் வெல்ஷ் நிற்க வேண்டும். மீறினால் 5,000 பவுண்டு வரை அபராதம் விதிக்கலாம்.

வெல்ஷ் பேசும் ஊழியரை அடையாளம் காட்ட ஒரு சின்னமும் உண்டு. ஆரஞ்சு நிறப் பேச்சுக்குமிழி, அதனுள் "கம்ரைக்" என்று மொழியின் பெயர். சட்டையில் குத்திக்கொள்ளலாம், கழுத்து நாடாவிலும் அச்சிட்டிருப்பார்கள். திட்டத்தின் பெயர் "யைத் க்வைத்", பொருள் "வேலை மொழி". "யைத்" மொழி, "க்வைத்" வேலை. குவைத் என்றாலே வேலைதானே என்று நம் ஊர்க்காரர் யாராவது சிரித்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

ஆனால் சட்டம் பாதிக் கதைதான். மீதிக் கதை, கவுண்டருக்கு இந்தப் பக்கம் நிற்பவரின் தயக்கத்தில் இருக்கிறது.

வீட்டில் வெல்ஷ் பேசும் ஒரு பெண்மணி வரி கட்ட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். எதிரே இருப்பவருக்கு மொழி தெரியுமா என்று அவருக்குத் தெரியாது. வெல்ஷில் தொடங்கி, அவர் திருதிருவென்று விழித்தால் சங்கடம். பின்னால் வரிசை நிற்கிறது. "எதற்கு வம்பு" என்று ஆங்கிலத்தில் தொடங்குகிறார். எதிரே இருப்பவரும் வெல்ஷ் வீட்டுப் பிள்ளையாகவே இருக்கலாம். வந்தவர் ஆங்கிலத்தில் கேட்டதால் அவரும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறார். இரண்டு வெல்ஷ்காரர்கள் வருடக்கணக்காக ஒருவரோடொருவர் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருப்பது அங்கே அபூர்வமே அல்ல. முதல் வாக்கியம் எந்த மொழியோ, உறவு முழுக்க அந்த மொழிதான். பிறகு மாற்றுவது அத்தனை கூச்சம். மேசைக்கு அந்தப் பக்கமிருந்து "பொரெ டா" முதலில் வந்துவிட்டால், கேட்கும் பாரம் வந்தவர் தலையிலிருந்து இறங்கிவிடுகிறது.

அந்தப் பாரத்தைத் தனியாகத் தூக்கியவர்களின் கதை ஒன்று வேல்ஸில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஹ்லனெஹ்லி அருகே ஹ்லங்கென்னெக் என்ற ஊர். ட்ரெவர் பீஸ்லி சுரங்கத் தொழிலாளி, மனைவி ஐலின் ஆசிரியை. 1952இல் உள்ளாட்சி மன்றத்திலிருந்து வீட்டு வரிக் கேட்பு வந்தது, ஆங்கிலத்தில் மட்டும். சுற்றுவட்டாரத்தில் பெரும்பான்மையினர் பேசுவது வெல்ஷ். "வெல்ஷிலும் அனுப்புங்கள், கட்டுகிறோம்" என்றார்கள். மன்றம் மசியவில்லை. நீதிமன்றத்துக்கு இழுத்தது, ஜப்திக்காரர்கள் வந்து வீட்டுச் சாமான்களைத் தூக்கிப் போனார்கள், ஒரு தடவை அல்ல, பல தடவை. எட்டு வருடம் இப்படியே ஓடியது. 1960இல் இருமொழியில் ஒரு கேட்புச் சீட்டு வந்து சேர்ந்தது. 1962 பிப்ரவரி 13 அன்று, "மொழியின் விதி" என்ற தலைப்பில் வெல்ஷ் எழுத்தாளர் ஸாண்டர்ஸ் லூயிஸ் ஆற்றிய வானொலி உரையில் இந்தத் தம்பதியைத்தான் முன்னுதாரணமாகக் காட்டினார். அதே ஆண்டில் வெல்ஷ் மொழிச் சங்கம் பிறந்தது. இன்று ஒரு வரவேற்பாளர் போகிறபோக்கில் சொல்லும் இரண்டு சொல்லுக்குப் பின்னால் இந்த எட்டு வருட ஜப்தியும் இருக்கிறது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. 2024 ஜனவரியில் எச்.எஸ்.பி.சி. வங்கி தன் வெல்ஷ் தொலைபேசிச் சேவையை மூடியது. நாளுக்குச் சராசரியாக 22 அழைப்புகள்தான் வந்தன என்றது. கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தால் வங்கி சொன்னது நியாயம்தான். ஆனால் பழக்கம் என்ற ஒன்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறாது. ஆயுள் முழுக்க ஆங்கிலத்தில் வங்கியோடு பேசியவர், வெல்ஷுக்கென்று தனி எண்ணைத் தேடிப் பிடித்து அழைப்பாரா? பொது எண்ணை எடுக்கிறவரே வெல்ஷில் வணக்கம் சொல்ல வேண்டும் என்று விதி எழுதியவர்கள் இந்த இடத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள்.

சரி, "பொரெ டா" சொல்லியாயிற்று. வந்தவரின் முகம் மலர்ந்துவிட்டது. பொலபொலவென்று வெல்ஷில் கொட்ட ஆரம்பித்துவிட்டார். பத்துச் சொல் மட்டும் தெரிந்த வரவேற்பாளர் என்ன செய்வார்?

வேலையிடத்தில் வெல்ஷ் கற்கத் தயங்குவோரின் முதல் பயம் இதுதான். ஆகவே பாடங்களில் வணக்கத்துக்கு அடுத்தபடியே தப்பிக்கும் வழியும் வந்துவிடுகிறது. "டுயின் டஸ்கி கம்ரைக்" என்றால் "நான் வெல்ஷ் கற்றுக்கொண்டிருக்கிறேன்". "ஈன் வினிட்" என்றால் "ஒரு நிமிடம்". சொல்லிவிட்டு ஆரஞ்சுச் சின்னம் அணிந்த சக ஊழியரைக் கையசைத்து அழைக்கலாம். "தயவுசெய்து" என்பதற்கு வெல்ஷ் சொல்லும் தொடர் கொஞ்சம் நீளம், ஆனால் அழகு: "ஓஸ் க்வெலுக் அன் தா". சொல்லுக்குச் சொல் பிரித்தால், "நீங்கள் நல்லதென்று கண்டால்". அவசரக்காரர்கள் "ப்ளீஸ்" என்றே முடித்துக்கொள்கிறார்கள். அதற்கும் வெல்ஷ் எழுத்துக்கூட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள்.

கற்பதற்கு வசதி நிறைய. வெல்ஷ் கற்பித்தலுக்கான தேசிய மையம் 2016இல் தொடங்கியது. அடுத்த ஆண்டே "வேலைக்கான வெல்ஷ்" என்ற திட்டத்தை அது கொண்டுவந்தது. அதன் முதல் படி, இணையத்தில் தானாகவே படித்து முடிக்கக்கூடிய பத்து மணி நேரப் பாடம். பெயர் "க்ரோய்சோ", அதாவது "வருக". (நன்றி சொன்னவருக்குப் பதிலாகச் சொல்வதும் இதே "க்ரோய்சோ"தான். ஒரு சொல் கற்றால் இரண்டு வேலை.) இன்னும் ஆர்வமுள்ளவர்களைச் சில நிறுவனங்கள் ஹ்லீன் தீபகற்பத்தில் கடலோரமாக இருக்கும் நான்ட் கூர்தெய்ரனுக்கு அனுப்புகின்றன. கல்லுடைக்கும் தொழில் நின்று, மக்கள் வெளியேறி, கூரை பெயர்ந்து கிடந்த ஊர் அது. 1978இல் ஓர் அறக்கட்டளை அந்த ஊரை மொத்தமாக வாங்கி, வீடுகளைச் செப்பனிட்டு, தங்கிப் படிக்கும் மொழி மையமாக்கியது. பேய்க்கிராமமாகப் போகவிருந்த இடத்தில் இப்போது கணக்கர்களும் செவிலியர்களும் உட்கார்ந்து வினைச்சொல் பயில்கிறார்கள்.

வந்தவரை உட்காரவைத்து, குடிக்க ஏதாவது வேண்டுமா என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வடக்கு வேல்ஸில் ஒரு கோப்பைத் தேநீர் "பனெட்". தெற்கே போனால் அது "டிஷ்க்லெட்". பால் வேண்டுமா? தெற்கில் "ஹ்லாய்த்", வடக்கில் "ஹ்லெவ்ரித்". வணக்கமே மாறும்: தெற்கத்தியார் "ஷுமாய்", வடக்கத்தியார் "சிமாய்". "இப்போது" என்ற சொல்லில் குறும்பு உச்சத்துக்குப் போகிறது. தெற்கில் "நவுர்", வடக்கில் "ரூவன்". ரோமன் எழுத்தில் இரண்டையும் எழுதிப் பார்த்தால் ஒன்றைத் திருப்பிப் போட்டால் மற்றொன்று. கார்டிஃபில் கற்றுக்கொண்டு கைர்நார்வனுக்கு மாற்றலாகிப் போகிறவர் முதல் வாரம் தேநீர் விஷயத்திலேயே தடுமாறுவார். யாரும் கோபிப்பதில்லை, எந்த ஊர்ப் பாடப்புத்தகம் என்று கேட்டுச் சிரிப்பார்கள்.

தேநீர் போடும் சமையலறை மூலையிலும் ஒரு சொல் காத்திருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பை வேடிக்கையாக "பொப்டி பிங்" என்பார்கள், "பிங் என்று சத்தம் போடும் அடுப்பு". வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டதும் சொக்கிப்போகிறார்கள். முறையான சொல் "மைக்ரோடன்" என்று வெல்ஷ்காரர்கள் அலுத்துக்கொண்டே திருத்துவார்கள். யாரும் காதில் வாங்குவதில்லை.

இலக்கணம் பயமுறுத்துமே என்றால், பயமுறுத்தும்தான். வெல்ஷில் சொல்லின் கடைசி மட்டுமல்ல, முதல் எழுத்தே மாறும். நாட்டின் பெயர் "கம்ரி". எல்லையைத் தாண்டியதும் நிற்கும் வரவேற்புப் பலகையில் அந்தப் பெயர் வல்லின ககரத்தை விட்டு மெல்லொலிக்கு இறங்கி நிற்கும். பாங்கர் நகரத்துக்கு வரவேற்கும்போது அது "வாங்கர்" ஆகும். மெர்த்திர் "வெர்த்திர்" ஆகும். மேலே சொன்ன "தயவுசெய்து"வின் கடைசியில் வந்த "தா"கூட நம் பழைய "டா"தான், இடத்துக்கேற்பக் குழைந்து நிற்கிறது. ஆங்கிலேயருக்கு இது தலைவலி. கடல் என்பதில் ஒரு விதமாகவும் பகல் என்பதில் வேறு விதமாகவும் ஒரே ககரத்தை யோசிக்காமலே ஒலிக்கும் தமிழருக்கு அவ்வளவு அந்நியமாகப் படாது. எப்படியிருந்தாலும் வரவேற்பு மேசையில் நிற்பவரிடம் யாரும் இலக்கணத் தேர்வு வைப்பதில்லை.

கொஞ்சம் வெல்ஷ்கூட இல்லாத அலுவலகத்துக்கு என்ன ஆகும் என்பதற்கு உலகப் புகழ் பெற்ற சாட்சி ஒன்று இருக்கிறது. 2008இல் ஸ்வான்ஸி நகர மன்றம் ஒரு சாலைப் பலகை தயாரித்தது. கனரக வாகனங்கள் நுழையக் கூடாது, இது குடியிருப்புப் பகுதி என்பது செய்தி. ஆங்கில வாசகத்தை மொழிபெயர்ப்புக்கு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். உடனே வெல்ஷில் பதில் வந்தது. இவ்வளவு சுறுசுறுப்பா என்று மகிழ்ந்து, வந்ததை அப்படியே பலகையில் அச்சடித்து நட்டுவிட்டார்கள். வெல்ஷ் தெரிந்தவர்கள் வந்து படித்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. பலகையில் எழுதியிருந்தது: "நான் இப்போது அலுவலகத்தில் இல்லை. மொழிபெயர்க்க வேண்டியவற்றை அனுப்பிவையுங்கள்." மொழிபெயர்ப்பாளர் விடுப்பில் இருந்தார், வந்தது அவருடைய கணினி தானாக அனுப்பிய பதில். "ஸ்வித்வா" என்றால் அலுவலகம். லாரிகளைத் தடுக்கும் பலகையில் அலுவலகத்துக்கு என்ன வேலை என்று கேட்க அந்த ஒரு சொல் தெரிந்த ஒரே ஒரு ஆள் போதும். அந்த ஆள் அன்று அங்கே இல்லை.

மருத்துவமனைக்குள் போனால் விளையாட்டுப் பேச்சு குறைந்துவிடும். மறதி நோய் முற்றிய முதியவர்கள் பின்னாளில் கற்ற ஆங்கிலத்தை இழந்து, தாய்மொழியில் மட்டும் மிஞ்சி நிற்பது உண்டு. பள்ளிக்குப் போகாத சின்னக் குழந்தைகளில் வெல்ஷ் மட்டுமே தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். இவர்கள் யாரும் "எனக்கு வெல்ஷில் பேச ஆள் வேண்டும்" என்று கேட்கப்போவதில்லை. 2012இல் வேல்ஸ் அரசு கொண்டுவந்த "வெறும் சொற்களைவிட மேலானது" என்ற திட்டம் இங்கேதான் தெளிவாகப் பேசியது: நோயாளி கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், நீங்களே முன்வந்து அவர் மொழியைத் தாருங்கள். வலிக்கிறதா, தண்ணீர் வேண்டுமா, உங்கள் பெயர் என்ன. வார்டில் இந்த நாலைந்து கேள்விகள் சரளமாக வந்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

இந்தக் கேள்விகளைக் கற்கிறவர்களில் இந்தியர்களும் உண்டு. தெற்கு வேல்ஸின் நிலக்கரிப் பள்ளத்தாக்குகளில் குடும்ப மருத்துவர்களாகக் குடியேறியவர்களில் இந்தியத் துணைக்கண்டத்தார் கணிசமானோர். 2024 மார்ச்சில் வேல்ஸ் அரசு கேரள அரசோடு ஒப்பந்தம் செய்து, 250 மருத்துவப் பணியாளர்களை எடுப்பதாக அறிவித்தது. வெல்ஷில் இரட்டை "எல்" என்று எழுதும் ஓர் ஒலி இருக்கிறது. நாக்கை லகரத்துக்கு வைத்துக்கொண்டு குரல் எழுப்பாமல் காற்றை ஊத வேண்டும். மேலே "ஹ்ல" என்று எழுதியதெல்லாம் அதுதான், தமிழ் எழுத்தில் அதற்குமேல் கொண்டுவர முடியவில்லை. ழகரம் சொல்லிப் பழகிய மலையாளி நாக்குக்கு இது எப்படி வருகிறது என்று பக்கத்தில் நின்று கேட்க ஆசையாக இருக்கிறது.

சுற்றுலாக்காரர்கள் விஷயம் வேறு. அவர்களுக்கு வெல்ஷ் தேவையே இல்லை, ஆனால் பிடிக்கிறது. மொழியை விருந்தினருக்குக் காட்டிக் காசு பார்க்கலாம் என்ற யோசனை பழையது. ஆங்கில்ஸி தீவில் 58 எழுத்துப் பெயர் கொண்ட ரயில் நிலையம் உலகப் பிரசித்தம். அந்த நீளப் பெயரே 1860களில் பயணிகளை இழுக்கக் கட்டிவிட்டதுதான். இப்போது காற்று வேறு பக்கம் அடிக்கிறது. ஸ்னோடோனியா தேசியப் பூங்கா ஆணையம் 2022 நவம்பரில் "எரரி" என்ற வெல்ஷ் பெயரையே புழங்குவதென்று முடிவெடுத்தது. 2023 ஏப்ரலில் ப்ரெகன் பீக்கன்ஸ் "பன்னை ப்ரக்கைனியோக்" ஆனது. சொல்ல வராதே என்று சிலர் முணுமுணுத்தார்கள். அந்தச் சிரமம்தான் உள்ளூர்க்காரருக்குப் பேச்சுக்கு வாசல். எப்படிச் சொல்வது என்று விருந்தினர் கேட்பார், சிற்றுண்டிக் கடைக்காரர் சொல்லிக்கொடுப்பார், கேக் இன்னொரு துண்டு விற்கும்.

எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும். வேலை விளம்பரத்தில் "வெல்ஷ் தெரிந்திருப்பது அவசியம்" என்று பார்த்ததும் தன் ஊரிலேயே கதவு அடைபட்டதாக நினைக்கும் ஆங்கிலம் மட்டும் தெரிந்த வெல்ஷ்காரர்கள் உண்டு. மறுபக்கம், சரளமாகப் பேசுகிறவர்கள் சிலருக்கு இந்த "பொரெ டா" வெறும் பூச்சு. அலுவலக மின்னஞ்சல்களைப் பார்த்தால் அவர்கள் எரிச்சல் புரியும்: மேலே "பொரெ டா", கீழே "டியோல்க்" என்று நன்றி, நடுவில் நாலு பத்தியும் ஆங்கிலம். மேலும் கீழும் வெல்ஷ் ரொட்டி, உள்ளே ஆங்கில வெண்ணெய். புள்ளிவிவரமும் அவர்கள் பக்கமே சாய்கிறது. 2011இல் 19 சதவீதமாக இருந்தது பத்து வருடத்தில் 17.8 ஆகச் சரிந்தது. 1911இல் ஒன்பதே முக்கால் லட்சத்துக்கு மேற்பட்டோர் பேசிய மொழி. 2050க்குள் பத்து லட்சம் என்ற அரசின் இலக்கு வரவேற்பு மேசைகளை நம்பி மட்டும் நிறைவேறாது; பள்ளிகள் வேண்டும், வீடுகள் வேண்டும். ஆனாலும் பள்ளியில் வெல்ஷ் படித்து வெளியே வரும் பதினெட்டு வயதுப் பிள்ளை, வேலைக்குச் சேரும் இடத்தில் அந்த மொழியின் ஒலியே காதில் விழாவிட்டால் எத்தனை வருடம் அதைக் காப்பாற்றும்?

2013 முதல் அக்டோபர் 15ஐ "ஷுமாய் சிமாய்" நாளாகக் கொண்டாடுகிறார்கள். அன்று யாரைப் பார்த்தாலும் பேச்சை வெல்ஷில் தொடங்க வேண்டும். எப்படி முடித்தாலும் பரவாயில்லை. தெற்கையும் வடக்கையும் விட்டுக்கொடுக்காமல் இரண்டு வணக்கத்தையும் பெயரில் வைத்த சாமர்த்தியத்தைப் பாராட்ட வேண்டும்.

முடிப்பதற்கும் ஒரு சொல் இருக்கிறது. விருந்தினர் வேலை முடிந்து எழும்போது மேசைக்காரர் "ஹுயில்" என்பார். போய்வாருங்கள் என்று அர்த்தம். குதூகலத்துக்கும் அதே சொல், கப்பலின் பாய்க்கும் அதே சொல். காலையில் டா போட்டு வரவேற்றவர், மாலையில் கப்பலேற்றி அனுப்பிவைக்கிறார்.